வானாவில் நின்ற சொல்

அந்த ரேடியோவுக்குத் தமிழ் தெரியாது. கம்ப்யூட்டரில் ஆடுகிற அந்தப் பேய் ஆட்டத்தை உருவாக்கியவர்கள் அதற்கு மொத்தம் முப்பது, முப்பத்தைந்து இங்கிலீஷ் வார்த்தைகள்தான் கொடுத்திருந்தார்கள். 'எங்கே இருக்கிறாய்?' என்று மைக்கில் பேயைக் கேட்டால் பின்னால் என்றோ தூரத்தில் என்றோ, 'வயசு என்ன?' என்று கேட்டால் கிழம் என்றோ குழந்தை என்றோ கரகரத்த இங்கிலீஷில் சொல்லும். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் இரையும். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைப் பிடித்துக்கொண்டு திரிந்ததில் அதன் அத்தனை வார்த்தையும் எழிலனுக்கு மனப்பாடம். அதனால்தான், திரைக்குள் இருந்த பண்ணை வீட்டின் குளியலறையில் நின்று அவன் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது, இரைச்சலுக்கு நடுவே 'வ' என்று ஒரு சத்தம் வந்ததும், கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

"என்ன மச்சான், ஏதாச்சும் சொல்லிச்சா?" என்றான் ஜெயப்பிரகாஷ் ஹெட்போனுக்குள். சிதம்பரம் மேலவீதியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். ஞாயிறு மதியம் ஷட்டரை இறக்கிவிட்டுக் கடைக்குள்ளேயே உட்கார்ந்து ஆடுவான்.

"ஒண்ணுமில்லடா. வெறும் எரச்சல்."

"எனக்கும் எதுவும் கேக்கல," என்றாள் காயத்ரி. அவளும் சிதம்பரம்தான். அண்ணாமலை நகரில் வீடு, ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மூவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு.

எழிலன் கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்திருந்தான். மணி ஐந்துகூட ஆகவில்லை. ஆனால் காலையிலிருந்து விடாத மழையில் ஜன்னலுக்கு வெளியே விளக்கு வைக்கிற நேரம்போல் இருட்டிக்கொண்டு வந்தது. கூடத்தில் அம்மா லோகநாயகி டிவியை ஓடவிட்டுச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு நெய்வேலியில் செகண்ட் ஷிஃப்ட். மழைக்கால ஞாயிறு எப்படி இருக்குமோ அப்படித்தான் எல்லாம் இருந்தது. மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த செல்போனை மட்டும் பார்க்காமல் இருக்க அவன் பாடுபட்டுக்கொண்டிருந்தான். ஐந்து நாற்பதுக்கு அது அடிக்கும்.

நாலு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அது. ஒரு வேனில் போய் யாரும் குடியில்லாத வீட்டின் முன்னால் இறங்குவார்கள். வேனுக்குள் சுவரில் நாலு டார்ச் தொங்கும், ஆளுக்கொன்று. வீட்டுக்குள் இருக்கிற பேய் என்ன ரகம் என்று கண்டுபிடித்துவிட்டு உயிரோடு திரும்பி வர வேண்டும். பேசுவதெல்லாம் மைக் வழியாகப் பேய்க்குக் கேட்கும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் ருசியே. இன்னொரு சட்டமும் உண்டு. பேயிடம் மாட்டிச் செத்தவன், ஆட்டம் முடியும்வரை அந்த வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கலாம். உயிரோடு இருப்பவர்கள் பேசுவது அவனுக்குக் கேட்கும். அவன் பேசுவது அவர்களுக்குக் கேட்காது.

கேமரா எடுக்கலாம் என்று எழிலன் வேனுக்குத் திரும்பினான். சுவரில் நாலு கொக்கியும் காலியாக இருந்தன.

"ஜேபி, நீ ரெண்டு டார்ச் எடுத்தியா?"

"ரெண்டு எப்பிடிடா எடுக்க வுடும்? ஆளுக்கு ஒண்ணுதான்."

"நானும் ஒண்ணுதான் வச்சிருக்கேன்," என்றாள் காயத்ரி. "ஏன் எழில்?"

"சும்மா கேட்டேன்."

மூன்று பேர் மூன்று டார்ச். நாலாவது கொக்கியை அவன் கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தான். புது வெர்ஷன் போட்டிருக்கிறார்கள், அதில் ஏதோ கோளாறு என்று தனக்கே சொல்லிக்கொண்டான். பொய் சொல்வது இப்போதெல்லாம் அவனுக்குச் சுலபமாக வந்தது.

நாலாவது டார்ச் சின்னையனுடையது.

சின்னையனின் ஊர் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கம். சிதம்பரம் கீழவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை, கடைக்கு மேலேயே ஓர் அறை. அறையில் கம்ப்யூட்டரும் கிடையாது, நெட்டும் கிடையாது. அதனால் ஞாயிறு மதியமானால் பைக்கை எடுத்துக்கொண்டு நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டிக் கடலூருக்கு வருவான். எழிலனின் பழைய லேப்டாப்பில், இதே மேஜையில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆடுவான். லோகநாயகி போட்டுக் கொடுக்கிற டீயை ஆறவைத்துக் குடிப்பான். அவனுக்குத் திக்குவாய். வாசலில் நின்று 'எழிலா' என்று கூப்பிட முடியாது, 'எ'னாவிலேயே நின்றுவிடும். எனவே வண்டிச் சாவியால் கிரில் கேட்டை மூன்று தட்டுத் தட்டுவான். டிங், டிங், டிங். "சின்னையன் வந்துட்டான் பாருடா," என்று அம்மா உள்ளிருந்து குரல் கொடுப்பாள்.

அவன் சொல்லத் தொடங்குவதை எழிலன் சொல்லி முடிப்பான். பத்து வருடப் பழக்கம். அவன் 'த... த...' என்றால் இவன் "தண்ணியா? எடுத்துக்கோடா" என்பான். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாக இருந்தாலும் சின்னையன் தலையாட்டிவிடுவான். இன்னொரு தடவை அந்த எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டுமே. ஒருநாள் 'தலைவலிக்குது' என்று சொல்ல வந்தவனுக்குத் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தான். பிறகு மெதுவாகச் சிரித்துக்கொண்டே நெற்றியைத் தொட்டுக் காட்டினான். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்கள்.

எழிலனுக்கு மிமிக்ரி வரும். கல்லூரி ஆண்டு விழாவில் கைதட்டல் வாங்கிய ஆள். சின்னையன் குரல் அவனுக்குக் கைவந்த சரக்கு. ஆட்டம் அலுக்கும்போதெல்லாம் "வ... வ... வந்துருச்சி பேய்" என்று எடுத்துவிடுவான். ஜேபி மேஜையைத் தட்டிச் சிரிப்பான். பக்கத்து நாற்காலியில் சின்னையனும் சிரிப்பான். சிரிப்பு அவனுக்குத் திக்காது.

இதையெல்லாம் இப்போது நினைத்தால் எழிலனுக்கு உடம்பு கூசியது. யாரும் பார்க்காத இடத்தில்கூடத் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. அன்றைக்கும் இப்படித்தான் மழை. சின்னையன் வரவில்லை, மூன்று பேருமாக ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்து நாற்பதுக்கு செல் அடித்தது. அவன் பெயரைப் பார்த்ததும் எழிலன் ஸ்பீக்கரில் போட்டு மைக் பக்கத்தில் வைத்தான், மற்ற இருவரும் கேட்கட்டும் என்று.

"வ... வ... வ..."

பின்னால் தண்ணீர்ச் சலசலப்பு. மழையில் வண்டியை ஓட்டிக்கொண்டே பேசுகிறான் என்று நினைத்தான். ஜேபி அதற்குள் சிரிக்க ஆரம்பித்திருந்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எழிலனுக்குக் குஷி வந்துவிட்டது. அதே குரலில், அதே இழுவையில், "வ... வ... வ... வரேன்னு சொல்றியா? வாடா வா. பேய் ஒனக்காகத்தான் வெயிட்டிங்," என்றான்.

"பாவம்பா, அவன பேச வுடு," என்றாள் காயத்ரி, சிரிப்பை அடக்க முடியாமல்.

அந்தப் பக்கம் விடாமல் முட்டியது. "வ... வ..." மூச்சு இரைத்தது. மறுபடி "வ..."

"அதான் வரேன்னு சொல்லிட்ட இல்ல, வை. போன ஹெல்மெட்டுக்குள்ள சொருவிகிட்டுப் பேசிகினே ஓட்டாத," என்று சொல்லி இவனே கட் செய்தான். ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. செல்போனின் கால் லிஸ்டில் இன்னும் அந்த வரி இருக்கிறது, அவன் அழிக்கவில்லை.

மறுநாள் காலையில்தான் கிடைத்தான். ஆலப்பாக்கத்தைத் தாண்டி ரோட்டோரப் பள்ளத்தில், வண்டி காலின்மேல் கிடக்க. விழுந்தபோது முழங்கால் அளவு தண்ணீர் இருந்திருக்கும் என்றார்கள். மழை விடவில்லை, ஏறிக்கொண்டே போயிருக்கிறது. தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது, கண்ணாடி மூடியபடி, உள்ளே சேறும் தண்ணீருமாக. ஒரு கால் செருப்பு மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

"கடைசியா ஒங்களுக்குத்தான் கால் போயிருக்கு. என்ன சொன்னாரு?" என்று ஸ்டேஷனில் கேட்டார்கள்.

"வரேன்னு சொன்னான் சார். அவ்ளோதான்."

வாயில் வந்தது அதுதான். பத்து வருடமாகச் செய்ததையே கடைசியாக ஒரு தடவை செய்தான். ஆனால் அந்தச் சொல் ஸ்டேஷனிலிருந்து ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து ஊருக்கு இவனுக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. சாவு வீட்டில் சின்னையனின் அம்மா மங்கலம் இவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வயல் வேலை செய்த கை, காய்ப்புக் காய்ப்பாக.

"வரேன்னு சொன்னானாமே தம்பி. திக்காமச் சொன்னானா?"

சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

"ஆமாம்மா. ஒரே மூச்சுல சொன்னான்."

அழுது வீங்கிய அந்த முகம் ஒரு கணம் தெளிந்ததை அவன் பார்த்தான். "பொறந்ததுலேர்ந்து அந்த ஒரு வார்த்தய எங்கிட்ட முழுசா சொன்னதில்ல சாமி. கையக் காட்டிட்டுத்தான் போவான்," என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும், மகன் கடைசியாகப் பேசிய அதே ஐந்து நாற்பதுக்கு, மங்கலம் போன் செய்வாள். சாப்பிட்டாயா, அம்மா சௌக்கியமா என்று ஒப்புக்கு இரண்டு கேள்வி. பிறகு, "ஒருதரம் சொல்லு தம்பி. அவன் சொன்ன மாரியே." முதல் தடவை இவன் தன் குரலில் சொன்னபோது அந்தப் பக்கம் நீளமாக அமைதி. இந்தக் குரல் இல்லையே என்கிற அமைதி அது. பொறுக்கமாட்டாமல், சின்னையனின் குரலிலேயே, திக்காமல், "வரேம்மா," என்றான். அவள் விம்மியது கேட்டது. எட்டு ஞாயிறாக இது நடக்கிறது. இறந்தவன் குரலை எடுத்து அவன் அம்மாவிடம் வரேன், வரேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். கைதட்டல் வாங்கிய திறமை! ஒவ்வொரு தடவையும் போனை வைத்ததும் குளியலறைக்குப் போய் வாயைக் கொப்பளிப்பான்.

போன வாரம் அவள் ஒன்று சொன்னாள். "நீ சொல்லி முடிக்கிறப்ப வாசல்ல வண்டி வந்து நிக்கிற மாரியே இருக்கு தம்பி. எட்டிப் பாத்தா யாரும் இல்ல. ஆனா தர ஈரமா இருக்கு."

"டேய், இங்க வந்துருச்சி! சமையக்கட்டு, சமையக்கட்டு!" ஜேபி கத்தினான். திரையில் விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன. ஒரு முறிகிற சத்தம். பிறகு ஜேபியின் குரல் இல்லை. செத்துவிட்டான். இனி ஆட்டம் முடியும்வரை அவன் கேட்கலாம், பேச முடியாது.

"ஐயோ, ஜேபி போச்சி," என்றாள் காயத்ரி. "எழில், நான் வேன்ல நிக்கிறேன். மாடில துணி நனையுதுன்னு அம்மா கத்துறாங்க. அஞ்சே நிமிசம், வந்துடறேன்." ஹெட்போன் கழற்றி வைக்கிற சத்தம்.

திரைக்குள் அந்தப் பண்ணை வீட்டில் எழிலன் தனியாக நின்றான். எல்லாம் வெறும் படம்தான். நீளமான நடை, சுவரில் சாயம் போன காகிதம், ஒரு மூலையில் குழந்தையின் மூன்று சக்கர வண்டி, தூரத்தில் எங்கோ சொட்டுகிற குழாய். ஆனால் அறையில் ஒரு வாடை எழுந்திருந்தது. வெங்காயத்தின் நெடி இல்லை, ஜன்னல் வழியாக வருகிற மழை மண்ணின் வாசனையும் இல்லை. பல நாள் தேங்கிய பள்ளத்துத் தண்ணீரில் பெட்ரோல் கலந்தால் வருமே, அது. பக்கத்து நாற்காலியிலிருந்து வருவதுபோல் இருந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு ரேடியோவை ஆன் செய்தான்.

செத்தவனுக்கு நாம் பேசுவது கேட்கும். ஆட்டத்தின் சட்டம்தான். வெளியிலும் அப்படியே இருந்துவிட்டால்? இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்லிவிட முடியுமா? ஜேபி கேட்டுக்கொண்டிருப்பான், பரவாயில்லை. கேட்கட்டும். இந்த நாற்றத்தை இனியும் சுமக்க முடியாது.

"சின்னையா," என்றான் மைக்கில். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "கேக்குதாடா?"

இரைச்சல். பிறகு, மெதுவாக:

'வ.'

"டேய்... அன்னிக்கி நீ போன் பண்ணப்போ..." நான் உன்னைக் கேலி செய்துகொண்டிருந்தேன், நீ செத்துக்கொண்டிருந்தாய், நான் கட் செய்தேன். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மூன்றே வாக்கியம்.

'வ... வ...'

அதே முட்டல். அதே மூச்சு. பின்னால் சலசலவென்று தண்ணீர். வண்டி என்று சொல்ல வந்தானா? வலிக்குது என்றா? வா என்று ஒரே எழுத்தா? இரண்டு மாதமாக வானாவில் தொடங்குகிற அத்தனை சொல்லையும் எழிலன் போட்டுப் பார்த்திருக்கிறான். எதைப் போட்டாலும் பழி இவன் கட் செய்த இடத்தில் வந்து நின்றது. ஒன்றே ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றைத்தான் இப்போதும் அவன் வாய் தேடிப் போனது. மன்னிப்புக் கேட்க வந்தவன். வெட்கம் கெட்டவன்.

"வரேன்னுதானே சொன்ன?" என்றான் கெஞ்சுகிற குரலில். "வரேன்னுதானேடா?"

ரேடியோ நின்றுவிட்டது.

இரைச்சலும் நின்றுவிட்டது. ஆட்டத்தில் அப்படி நிற்காது. ஆன் செய்தால் இரைந்துகொண்டேதான் இருக்கும். அந்த அமைதிக்குள் தன் இதயம் அடிப்பது ஹெட்போன் மெத்தையில் மோதிக் கேட்டது.

கரண்ட் போனது.

மின்விசிறி சுற்றல் குறைந்து நின்றது. கூடத்தில் டிவி அணைந்தது. மோடத்தின் பச்சை விளக்குகள் அவிந்தன. பேட்டரியில் ஓடுகிற லேப்டாப் திரையில் மட்டும், தொடர்பு அறுந்துவிட்டது என்று ஒரு வரி வந்து, ஆட்டம் கறுப்பாகிப் போனது.

ஹெட்போனில் 'வ'.

பிடுங்கி எறிந்தான். ஹெட்போன் நாற்காலியில் இடித்துத் தரையில் விழுந்தது. பக்கத்து நாற்காலியில். அது லேசாக நகர்ந்திருந்தது. இருக்கையின் பிளாஸ்டிக் வயரிலிருந்து ஏதோ சொட்டியது. சொட்டு. சொட்டு. தரையில் கைகழுவுகிற அளவு தண்ணீர்.

மழை இரைந்தது.

மழைக்குள் இன்னொரு சத்தம்.

டிங். டிங். டிங்.

"யாரோ கேட்டத் தட்றாங்கடா," என்றாள் அம்மா கூடத்து இருட்டிலிருந்து. வெங்காயத் தட்டை நகர்த்துகிற சத்தம். பிறகு, இரக்கமான குரலில், "சின்னையன் தட்ற மாரியே இல்ல? பாவம் அந்தப் புள்ள."

எழிலன் எழுந்தான். முழங்கால் மேஜையில் இடித்தது. வாயைத் திறந்தான்.

வேணாம். வேணாம்மா, திறக்காதே. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

மேல்பல் கீழுதட்டில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தை விடவில்லை.

"வ..."

"என்னடா?"

"வ... வ..."

சொல் இருந்தது. நெஞ்சில் முழுசாக இருந்தது. தொண்டைவரை வந்தது. உதட்டில் முட்டி நின்றது. முட்ட முட்ட மூச்சு தீர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. இத்தனை நாளும் இப்படித்தானா இருந்தது அவனுக்கு? ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படியா?

டிங். டிங். டிங்.

"மழயில நனஞ்சிகிட்டு நிக்கிறாங்கடா. தெரிஞ்சவங்களா? சொல்லித் தொலையேன்."

"வ... வ... வ..."

"வரச் சொல்லவா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை, இல்லை என்று வெறிபிடித்தவன்போல் ஆட்டினான். இருட்டில் யாருக்குத் தெரியும்?

"சரி சரி, வரச் சொல்றேன். அதுக்கு ஏன்டா இப்பிடி இழுக்குற?" அம்மா எழுந்து நடந்தாள். செருப்பில்லாத காலின் சத்தம். அவள் நல்ல எண்ணத்தோடுதான் முடித்து வைத்தாள். அவசரத்தில், அன்பாக, தப்பாக. ஓடிப் போய்த் தடுக்க வேண்டியவனை அங்கேயே ஆணியடித்து நிறுத்தியது பயம் மட்டும் இல்லை. வெட்கம். தாங்க முடியாத வெட்கம்.

தாழ்ப்பாள் விலகியது. கேட் கிறீச்சிட்டது.

மழையின் இரைச்சல் ஒரு கணம் கூடத்துக்குள் பெரிதாக வந்து, மறுபடி சிறியதானது.

"உள்ள வாப்பா. யாரு, எழிலப் பாக்கணுமா?"

ஈரக் காலடி. ஒன்று செருப்புச் சத்தம். ஒன்று வெறுங்காலின் சத்தம்.

செருப்பு. வெறுங்கால்.

செருப்பு. வெறுங்கால்.

நின்றது.

"எழில், இங்க வாயேன்," அம்மாவின் குரலில் பயம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. "யாருன்னு தெரியல. ஹெல்மெட்டக் கழட்டாம நிக்கிது. என்னமோ சொல்ல வருது, வாய்ல வரமாட்டேங்குது. நீ வந்து என்னன்னு கேளு."

கையில் செல்போன் எப்போது ஏறியது என்று தெரியவில்லை. அறை வாசல்வரை அவன் கால்கள் போயின. கூடம் கும்மிருட்டு. பள்ளத்துத் தண்ணீர் வாடை. பெட்ரோல்.

அப்போது கையில் செல் அடித்தது. ஐந்து நாற்பது. திரையில் மங்கலம் அம்மா என்ற பெயர். அந்த வெளிச்சம் கூடத்தில் விழுந்தது.

அம்மா வந்தவனின் முகத்துக்கு நேராகக் குனிந்து நின்றாள். குழந்தைக்குப் பேச்சு சொல்லிக் கொடுப்பதுபோல் அவள் உதடுகள் அசைந்தன. "வ...? வ... என்னப்பா? வ...?"

ஹெல்மெட் கண்ணாடி மூடியிருந்தது. உள்ளே கழுத்திலிருந்து உச்சிவரை செம்மண் தண்ணீர் நிறைந்திருந்தது. ஒரு சொட்டும் வழியவில்லை. அந்தத் தண்ணீருக்குள், கண்ணாடியோடு ஒட்டினாற்போல், ஒரு வாய் மட்டும் தெரிந்தது. மேல்பல் கீழுதட்டில் அழுந்தி, அதைவிட்டு எழ முடியாமல் துடித்துக்கொண்டிருந்தது.

போன் விடாமல் அடித்தது. ஹெல்மெட் மெல்லப் போனின் பக்கம் திரும்பியது. பிறகு எழிலன் பக்கம்.

"நீயே சொல்லேன்டா," என்றாள் அம்மா. "என்ன சொல்ல வருதுன்னு ஒனக்குத்தான் தெரியுமே."

அவன் பல்லும் உதட்டின்மேல்தான் இருந்தது.